முப்பத்தேழு டிகிரியின் கதை

மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "அண்ணே, நான் சரித்திரம் எழுதுகிறேன்" என்றேன். "இன்ஸ்ட்ருமென்டேஷன்காரனுக்கு எதுக்குப்பா சரித்திரம்? ஹாஸ்டல் மெஸ் சரித்திரமா?" என்று சிரித்தார். மெஸ்ஸைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த மலரிலேயே நாலைந்து பேர் இருப்பார்கள். நான் எழுதப்போவது கருத்தரிப்பு மையங்களின் ஆய்வுக்கூடத்தைப் பற்றி. அங்கே 'தரம்' என்ற சங்கதி எப்படி வந்து சேர்ந்தது, அதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பற்றி.

2011 பேட்ச் நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். டி.க்யூ.எம். என்று ஒரு எலெக்டிவ் பேப்பர். மார்க் சுலபமாக வரும் என்று சீனியர்கள் சொன்னதை நம்பித்தான் முக்கால்வாசிப் பேர் எடுத்தோம். ஷூவார்ட் 1924-இல் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம், 1950-இல் ஜப்பானுக்குப் போன டெமிங், அவருடைய பதினாலு பாயின்ட் எல்லாவற்றையும் பரீட்சைக்கு முதல் நாள் இரவு மாத்திரை மாதிரி விழுங்கினோம். மறுநாள் விடைத்தாளில் கொட்டிவிட்டு வந்தோம். பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவிலேயே முதல் கம்பெனி அதுதான் என்று வாத்தியார் சொன்னபோது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நம்மூர் ஆயிற்றே! மற்றபடி இதெல்லாம் பிரேக்கும் போல்ட்டும் செய்கிறவர்கள் சமாசாரம் என்றுதான் என் எண்ணம்.

வேலைக்குப் போய்ச் சில வருஷம் கழித்து, ஒரு கருத்தரிப்பு மையத்துக்கு வெப்பநிலை சென்சார்களைச் சரிபார்க்கப் போனேன். செருப்பைக் கழற்றி, தொப்பியும் மாஸ்க்கும் மாட்டி உள்ளே விட்டார்கள். அரையிருட்டான ஒரு சின்ன அறை. மைக்ரோஸ்கோப், நாலு இன்குபேட்டர், மூலையில் பால் கேன் மாதிரி திரவ நைட்ரஜன் டேங்க்குகள். இன்குபேட்டர் முகப்பில் 37.0 என்று பச்சை எழுத்தில் எரிந்தது. என் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தால் 36.4. "பாயின்ட் ஆறுதானே?" என்று கேட்டுவிட்டேன். அங்கிருந்த எம்ப்ரியாலஜிஸ்ட் அம்மா கோபப்படவில்லை. "சார், உங்க பேக்டரியில ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா இன்னொண்ணு போடுவீங்க. இங்க ஒரு கிண்ணத்துல இருக்கறது ஒரு வீட்டோட பத்து வருஷம்" என்றார். அன்றைக்கு ராத்திரி பழைய டி.க்யூ.எம். நோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை, எடைக்குப் போட்டிருந்தோம். அதற்குப் பதிலாக இந்தச் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் சோதனைக் குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் ஓல்ட்ஹாம் நகரப் பொது மருத்துவமனையில் பிறந்தார். இது எல்லோருக்கும் தெரியும். அதைச் சாதித்த ஆய்வுக்கூடம் எங்கே இருந்தது தெரியுமா? பக்கத்தில் ராய்ட்டன் என்ற ஊரில், கெர்ஷா என்ற டாக்டரின் பெயரில் இருந்த ஒரு குட்டி ஆஸ்பத்திரியில். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ் 1971-இல் அரசாங்க மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலிடம் பணம் கேட்டார், கைவிரித்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து நூற்றைம்பது மைலுக்கு மேல் காரில் வந்து வந்து வேலை செய்தார். கூட வந்தவர் ஜீன் பர்டி, நர்ஸ் படிப்புப் படித்தவர், 1968-இல் சாதாரண லேப் உதவியாளராகச் சேர்ந்தவர். அறுவைச் சிகிச்சை டாக்டர் பேட்ரிக் ஸ்டெப்டோ. மூன்றே பேர்.

அவர்களிடம் தரக் கையேடு கிடையாது, ஐ.எஸ்.ஓ. கிடையாது, தணிக்கை கிடையாது. ஆனால் நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்த நாள், எந்த நேரத்தில் முட்டை எடுத்தது, எந்தத் திரவத்தில் வைத்தது, எத்தனை மணிக்குக் கரு பிரிந்தது என்று கையால் எழுதிவைத்த நோட்டுகள். லூயிஸின் கரு எட்டு செல்லாகப் பிரிந்ததை முதலில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர் பர்டிதான். அந்த நோட்டுகளை 2015-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 1969 முதல் 1978 வரை 282 பெண்கள் இந்த முயற்சிக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். பிறந்தவை இரண்டு குழந்தைகள். இந்தக் கணக்கைப் பத்திரிகைகள் எழுதவில்லை. நோட்டு சொன்னது. தோல்வியை எழுதிவைக்காதவனிடம் இப்படி ஒரு கணக்கை எங்கே போய்க் கேட்பது?

பர்டி 1985-இல், 39 வயதில் காலமானார். எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் பரிசு வந்தது. ஓல்ட்ஹாமில் வைத்த பழைய நினைவுக் கல்வெட்டில் பர்டியின் பெயரைப் போடவில்லை. போடச் சொல்லி எட்வர்ட்ஸ் எழுதிய கடிதங்கள் 2019-இல்தான் வெளியே வந்தன. நோட்டு எழுதினவளுக்குக் கல்வெட்டில் இடமில்லை! எந்த ஆபீஸிலும் நடக்கிற கதைதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான்.

லூயிஸ் பிறந்து 70-ஆம் நாள், 1978 அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்று பெயரிட்டு உலகத்துக்கு அறிவித்தார்கள். செய்தவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. அவரோடு மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. மூன்றாவது ஆள் யார் என்று படித்தபோது நான் நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன். சுனித் முகர்ஜி, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பப் பேராசிரியர். நம்ம ஜாதி! உறைய வைக்கும் வேலையை அவர் பார்த்துக்கொண்டார். டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற திரவத்தைப் பாதுகாப்பாகச் சேர்த்து, எட்டு செல் கருவை 53 நாள் உறைநிலையில் வைத்திருந்து, அப்புறம் உருக்கித் தாயின் கருப்பையில் வைத்தார்கள். ஊசி மருந்து கொடுத்து ஒன்றுக்கு மேல் முட்டைகளை வளரச் செய்தார்கள். இங்கிலாந்துக் குழு இந்த இரண்டையும் லூயிஸ் விஷயத்தில் செய்யவில்லை. உறைய வைத்த கருவிலிருந்து வெளிநாட்டில் முதல் குழந்தை பிறந்தது 1984-இல், மெல்போர்னில். அப்படியானால் நம்மவர்கள் எவ்வளவு முன்னே போயிருந்தார்கள் என்று பாருங்கள்.

அதன் பின் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். மேற்கு வங்க அரசு 1978 நவம்பரில் ஒரு கமிட்டி போட்டது. அதன் தலைவர் ரேடியோ இயற்பியல் பேராசிரியர். கருவியல் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடம் அது. எல்லாம் கட்டுக்கதை என்று கமிட்டி முடிவு கட்டியது. ஜப்பானில் பேச அழைப்பு வந்தது. போக அனுமதி தரவில்லை. 1981 ஜூனில் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அந்த மாதம் 19-ஆம் தேதி அவர் தற்கொலை செய்துகொண்டார். தபன் சின்ஹாவின் 'ஏக் டாக்டர் கி மௌத்' படத்தை டி.வி.யில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். 1990-இல் வந்தது, இவர் வாழ்க்கையின் சாயல்தான்.

இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று 1986-இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பிறந்த ஹர்ஷாவைத்தான் எல்லோரும் சொல்லிவந்தார்கள். அதன் பின்னால் இருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார். 1997-இல் அவர் கல்கத்தாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில், சுபாஷ் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகள் அவர் கைக்கு வந்தன. உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்: முதல் சாதனை முகர்ஜியுடையது. தன்னுடைய பெருமையைத் தன் கையாலேயே இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? சும்மா சொல்லக் கூடாது, இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஆனந்தகுமார்தான்.

ஒரு பொறியாளனாக எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. 1978-இல் இந்தியக் கிரையோஜெனிக்ஸ் இதழில் வந்த ஒரு சின்ன அறிக்கை தவிர, முகர்ஜி குழுவின் வேலை முறைகள் விரிவாக வெளிவரவில்லை. அதனால் 1978-இல் செய்ததை 1979-இல் வேறு யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியவில்லை. கமிட்டியின் குற்றம் பெரிது, சந்தேகமே இல்லை. ஆனாலும் ஓல்ட்ஹாம் நோட்டு மூன்று பேரிடம் இருந்தது, ஒரு மருத்துவமனையாகவே வளர்ந்தது. 1980-இல் போர்ன் ஹால் மையம் தொடங்கினார்கள். கல்கத்தா நோட்டு ஒரு வீட்டுக்குள்ளேயே பதினாறு வருஷம் கிடந்தது.

எண்பதுகளில் மையங்கள் பெருகின. தென்னிந்தியாவில் 1990-இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் முதல் வெற்றியைக் கண்டார். அப்போது உலகம் முழுக்க ஒரே புலம்பல்: "போன மாசம் நல்லா வந்துச்சு, இந்த மாசம் ஒண்ணுமே நிக்கல." காரணம் தெரியாது. டாக்டர் ராசி, லேப் ராசி என்றுகூடப் பேச்சு. ராசியை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருந்ததெல்லாம் நம் பாடப் புத்தகத்துச் சங்கதிகள்.

கரு வளரும் திரவத்தின் அமிலத் தன்மையைக் கரியமில வாயுதான் தீர்மானிக்கிறது. பி.எச். 7.2-க்கும் 7.4-க்கும் நடுவே நிற்க வேண்டும். இன்குபேட்டரில் 6 சதவீதம் வைத்தால் போதும் என்று சென்னையில் சொல்லிவிடலாம். அதே பெட்டியை ஊட்டிக்குக் கொண்டுபோனால்? அங்கே காற்றழுத்தமே கால் பங்கு குறைவு. அதே பகுதி அழுத்தம் கிடைக்க 8 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். டால்டன் விதி, பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி! முட்டை அறை வெப்பத்துக்குக் குளிர்ந்தால் அதற்குள் குரோமோசோம்களைப் பிடித்திருக்கும் நூல் கதிர் சில நிமிடத்திலேயே குலைய ஆரம்பிக்கிறது. அதனால் மைக்ரோஸ்கோப் மேடையையும் சூடாக்குகிறார்கள். மேடை 37 காட்டினால் கிண்ணத்துச் சொட்டுக்குள் 37 இருக்காது. நடுவே பிளாஸ்டிக், காற்றிடைவெளி. சொட்டுக்குள் சென்சாரை விட்டு அளந்து, மேடையை அதற்கேற்பக் கூட்டிவைக்க வேண்டும். நான் பிழைப்பு நடத்துவதே அந்த ஒரு டிகிரியில்தான்.

காற்று இன்னொரு வில்லன். 1997-இல் ஜாக் கோஹனும் அவர் கூட்டாளிகளும் இன்குபேட்டருக்குள் இருக்கும் காற்றை அளந்து பார்த்தார்கள். வெளியே இருப்பதைவிட உள்ளேதான் ரசாயன ஆவிகள் அதிகம்! பெயின்ட், பிளாஸ்டிக், துடைக்கும் ஸ்பிரிட், ஏன், கேஸ் சிலிண்டர்கூடக் காரணம். தூசியைப் பிடிக்கும் ஹெப்பா பில்டர் ஆவியைப் பிடிக்காது. கரித்தூள் பில்டர் வேண்டும். லேபுக்குப் புது பெயின்ட் அடித்துத் திறப்பு விழா நடத்தி மறுநாளே வேலையை ஆரம்பிக்கக் கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

வாங்குகிற திரவமும் எண்ணெயும் சரியா என்று பார்க்கச் சுண்டெலிக் கருவில் சோதிக்கிறார்கள். 96 மணி நேரத்தில் நூற்றுக்கு எண்பதாவது முழு வளர்ச்சி பெற வேண்டும். இதுவும் முழுக் காப்பு இல்லை. 2023 டிசம்பரில் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி சில லாட் திரவத்தைத் திரும்ப அழைத்தது. அதில் மக்னீசியம் சேர்க்க விட்டுப்போயிருந்தது. சமையலில் உப்பு மறந்த கதை. ஆனால் குழம்பில் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் மருந்து ஷூவார்ட்டின் அதே வரைபடம்தான். வாரா வாரம் எத்தனை முட்டை கருவுற்றது, எத்தனை கெட்டது என்று புள்ளி வைத்துக்கொண்டே போனால், கோடு சரிவது மூன்றாம் வாரமே தெரியும். 2017-இல் வியன்னாவில் நிபுணர்கள் கூடி அளவுகோல்களை வகுத்தார்கள். ஊசி மூலம் விந்தணு செலுத்தும் முறையில் கருவுறுதல் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 80 இருந்தால் நல்லது. உறைய வைத்து உருக்கிய ஐந்தாம் நாள் கருக்களில் 90 சதவீதமாவது பிழைக்க வேண்டும், இப்படி. டி.க்யூ.எம். பேப்பரில் இதைக் கேட்டிருந்தால் நானே முழு மார்க் வாங்கியிருப்பேன்.

ஆனால் எண்ணில் அடங்காத தப்பு ஒன்று உண்டு: ஆள் மாறாட்டம். 2002-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்குக் கறுப்பு நிற இரட்டைக் குழந்தைகள் பிறந்த விஷயம் வெளியே வந்தது. வேறொரு கணவரின் விந்தணு மாறிப் போயிருந்தது. 2003-இல் வழக்கு தீர்ப்பானது. பேராசிரியர் பிரையன் டாஃப்ட் விசாரித்து 2004-இல் அறிக்கை கொடுத்தார். ஒருவர் செய்வதை இன்னொருவர் பக்கத்தில் நின்று சாட்சியாகப் பார்க்க வேண்டும் என்ற விதி இறுகியது இதன் பிறகுதான். அந்தச் சாட்சி முறையிலும் ஓட்டை இருப்பதை டாஃப்ட் பிறகு எழுதினார். ஒரே லேபிளை நாளைக்கு இருபது தடவை சரி பார்க்கிறவன், இருபத்தோராவது தடவை எதிர்பார்த்ததையே பார்ப்பான், எழுதியிருப்பதைப் பார்க்க மாட்டான். நம் லேப் ரெக்கார்டில் ரீடிங்கைப் பார்க்காமலே "வெரிஃபைடு" போட்டுக் கொடுத்த பக்கத்து பெஞ்ச் நண்பர்கள் மன்னிக்கவும்! ஒவ்வொரு கிண்ணத்திலும் ரேடியோ சிப் ஒட்டி, தவறான இரண்டு கிண்ணம் ஒரே மேஜைக்கு வந்தால் மணி அடிக்கிற கருவி இந்தக் காரணத்தால்தான் வந்தது.

மணி அடித்தால் போதுமா? கேட்கிற ஆள் வேண்டாமா? 2018 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்து மருத்துவமனை ஒன்றில், அந்த வார இறுதியில் நைட்ரஜன் டேங்க்கின் வெப்பம் ஏறியது. தானாக நிரப்பும் அமைப்பு வேலை செய்யவில்லை, கையால் ஊற்றிவந்தார்கள். வீட்டில் இருக்கும் ஊழியரை எழுப்பவேண்டிய தொலை எச்சரிக்கை அணைந்து கிடந்தது. சுமார் 950 குடும்பங்களின் 4,000-க்கும் மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் போயின. அதே ஞாயிறு, அதே நாட்டின் மறு கரையில் சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு டேங்க். சுமார் 3,500. அங்கே பொய் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்த கன்ட்ரோலரைக் கழற்றி வைத்துவிட்டு அளவுகோலால் அளந்துவந்தார்கள் என்று வழக்கில் வெளிவந்தது. 2021-இல் ஜூரி, டேங்க் செய்த கம்பெனி மேல் 90 சதவீதம், மையத்தின் மேல் 10 சதவீதம் பொறுப்பு என்று சொல்லி ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர் விதித்தது.

இரண்டு விபத்துக்கும் ஒரே நாள். தற்செயல்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இதைப் படித்த பிறகு எந்த மையத்துக்குப் போனாலும் முதலில் எச்சரிக்கைக் கருவியைச் சோதிப்பேன். ஒரு ஊரில் (பேர் வேண்டாம்) டேங்க்கின் சென்சாரை வெளியே எடுத்தேன். விளக்கு எரிந்தது, கருவி நம்பரைச் சுற்றியது. முதல் நம்பர் வேலையை விட்டுப்போய் ஒன்றரை வருஷமான ஒருவருடையது. அவர் திருச்சியில் ஏதோ கல்யாண மண்டபத்திலிருந்து "யாருங்க?" என்றார். இரண்டாவது நம்பர் ரிசப்ஷன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அங்கே யாரும் இல்லை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. பகல் பதினொன்றரை மணி, நான் வேண்டுமென்றே செய்தது.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். வீட்டில் கேட்டதற்கு, "எழுதுங்க, எத்தனை பேருக்கு உபயோகப்படுமோ" என்றாள். எங்களுக்கும் ஏழு வருஷமாகக் குழந்தை இல்லை. வேறொரு மையத்தில், நான் வேலைக்குப் போகாத ஒரு டேங்க்கில், எங்களுடையது இரண்டு கருக்கள் மைனஸ் 196 டிகிரியில் இருக்கின்றன. அங்கே நான் நோயாளியின் கணவன். சென்சாரைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று சொல்ல முடியாது. சோபாவில் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டு, "உள்ளே அலாரம் யார் நம்பருக்குப் போகுது?" என்று கேட்க வாய் வரை வந்து, மூன்று தடவை கேட்காமல் வந்திருக்கிறேன். நாலாவது தடவை கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பட்டியலை எடுத்துவந்து காட்டினாள். போன மாதம் சோதித்த தேதி இருந்தது.

கேட்க நமக்கு உரிமை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2005-இல் வழிகாட்டு நெறிகள் கொடுத்தது. அது வெறும் நெறிதான். 2021-இல் சட்டமே வந்தது, 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. மையங்கள் பதிவு செய்ய வேண்டும், ஆவணங்களைக் குறைந்தது பத்து வருஷம் பாதுகாக்க வேண்டும், அதன் பின் தேசியப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும். சுபாஷ் முகர்ஜியின் நோட்டு யாரோ பத்திரமாக வைத்ததால் தப்பியது. இனி அது யாருடைய தயவிலும் இருக்க வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் எப்படி என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். இப்போது படிக்கிற தம்பி தங்கைகளில் நாலு பேராவது இந்தப் பக்கம் வாருங்கள். கருவியல் படித்தவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று சென்சாரைச் சந்தேகப்படுகிற ஆள்தான் குறைவு.

ஒரு சின்ன தொழில் ரகசியம் சொல்கிறேன். நைட்ரஜன் மட்டத்தைத் தினமும் காலையில் ஒரு அளவுகோலை டேங்க்குக்குள் விட்டு எடுத்து, உறைபனி ஏறிய உயரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். தணிக்கைக்குப் போனால் நான் அந்த நோட்டில் திங்கள், செவ்வாய் பார்ப்பதில்லை. நேராகத் தீபாவளி, பொங்கல், மே மாதத்துக் கடைசி ஞாயிறு, இந்தத் தேதிகளுக்குப் போவேன். சில இடத்தில் காலியாக இருக்கும். சில இடத்தில் ஒரு வாரத்துக்கு ஒரே பேனாவில், ஒரே எண் இருக்கும். போன வருஷம் ஒரு சின்ன ஊரில், மாடியில் இருந்த ஒரு மையத்தில், எ.சி.கூடச் சரியில்லாத அறையில் அந்த நோட்டைத் திறந்தேன். தீபாவளி அன்று காலை 6.10, 41 செ.மீ. என்று எழுதியிருந்தது. ஓரத்தில் எண்ணெய் விரல் கறை. கீழே இரண்டு கையெழுத்து.